படிப்பை முடித்த பிள்ளையும் மருத்துவ இன்ஷூரன்ஸும்

தமிழ்நாட்டை விட்டு வேற்று மாநிலங்களில் குடியமர்ந்து வாழும் நம்மிடையே ஒரு பொதுக்குணம் உண்டு. பிள்ளைகளின் படிப்புக்காக எதையும் துறக்க நாம் ஆயத்தமாக இருக்கிறோம். நகையை அடகு வைத்தேனும், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியேனும், ஒரு பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் பட்டம் வாங்கிய நாள் முதல் நிலையான சம்பளம் கைக்கு வரும் நாள் வரை அந்தப் பிள்ளைக்கு ஒரு நோய் வந்தால் என்ன செய்வது என்று எண்ணிப் பார்ப்போர் நம்மில் மிகச் சிலரே. இன்று நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் அந்த இடைக்காலத்தைப் பற்றியது. குறைந்த செலவில் அந்த இளைஞருக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் கிடைக்குமா, கிடைக்குமாயின் எங்கே, எம்முறையில் என்பதைக் காண்போம்.

பேச்சு வெறும் பொதுப்பேச்சாகப் போய்விடாமலிருக்க ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். காவிரி இரு கிளைகளாகப் பிரிந்து அணைத்துச் செல்லும் ஸ்ரீரங்கப்பட்டணம், அரங்கநாதர் கோவிலாலும், 1799இல் திப்பு சுல்தான் போரிட்டு வீழ்ந்த கோட்டையாலும் புகழ் பெற்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இப்பகுதியில் வாழ்ந்து வருகின்றன. மைசூர் மிக அருகில் இருப்பதால் பிள்ளைகளின் கல்லூரியும், பின்னர் பலருக்கு வேலையும் அங்கேதான். ஆயினும் ஸ்ரீரங்கப்பட்டணம் நிர்வாகத்தில் மண்டியா மாவட்டத்தைச் சேர்ந்த தாலுகா. படிக்கும் ஊர் ஒன்று, பெயர் பதிந்துள்ள மாவட்டம் மற்றொன்று, உறவினர் வாழும் மாநிலம் வேறொன்று. வெளிமாநிலத் தமிழர் பலரின் நிலையும் இதுவே. ஆதலால் இவ்வூரை முன்னிட்டுச் சொல்வது ஏனைய ஊர்களிலுள்ள நம்மவருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

“இருபத்தொரு வயதில் நோய் எங்கிருந்து வரப்போகிறது?” என்று சிலர் கேட்கலாம். நீண்டகால நோய்கள் அவ்வயதில் குறைவு என்பது உண்மையே. ஆனால் குடல்வால் அழற்சி வயது பார்த்து வருவதில்லை. டெங்குக் காய்ச்சல் பரவும் பருவத்தில் திடகாத்திரமான வாலிபரும் படுக்கையில் விழுகிறார். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையைக் கடந்து வேலைக்குச் செல்பவருக்கு விபத்து ஒரு தொலைதூர அபாயமன்று. சொந்தக் கிராமத்தில் இருந்தால் மாமன் வீட்டிலோ சிற்றப்பா வீட்டிலோ நள்ளிரவில் கதவைத் தட்டிப் பணம் கேட்கலாம். வந்து குடியேறிய ஊரில் அத்தனை கதவுகள் இல்லை. உறவின் துணை குறைந்த இடத்தில் ஏற்பாட்டின் துணை மிகுதியாக வேண்டும். நம்மைப் போன்றோருக்கு இன்ஷூரன்ஸ் ஆடம்பரமன்று என்று சொல்வதற்குக் காரணம் இதுவேயாம்.

இன்ஷூரன்ஸ் என்பது என்ன? பலர் சிறு தொகை செலுத்துகிறார்கள். அவர்களுள் எவருக்குத் துன்பம் வருகிறதோ அவருக்கு அத்தொகையிலிருந்து உதவி கிடைக்கிறது. நம் ஊர்களில் திருமணத்துக்கு மொய் எழுதும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இக்கருத்து புதிதன்று. மைசூர் நாட்டுக்கும் இது புதிதன்று. 1891ஆம் ஆண்டிலேயே மைசூர் சமஸ்தானம் தன் ஊழியர்களுக்கென ஆயுள் இன்ஷூரன்ஸ் திட்டம் ஒன்றை ஏற்படுத்தியது. அப்போது திவானாக இருந்தவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. சேஷாத்ரி ஐயர். ஆனால் அது ஆயுளைப் பற்றிய இன்ஷூரன்ஸ். உயிரோடு இருக்கும்போதே வரும் மருத்துவச் செலவைத் தாங்கும் ஏற்பாடு ஏழை எளியவரை வந்தடைய நெடுங்காலம் ஆயிற்று.

அவ்வாறு வந்தடைந்தவற்றுள் கர்நாடகத்தின் யசஸ்வினி திட்டம் குறிப்பிடத்தக்கது. கூட்டுறவுச் சங்கங்களைச் சேர்ந்த விவசாயிகளுக்காக ஏற்பட்ட இத்திட்டம் 2002 நவம்பரில் தொடங்கிவைக்கப்பட்டு, 2003 ஜூன் முதல் செயற்பட்டது. இதய அறுவை மருத்துவர் தேவி ஷெட்டி இதன் மூலகர்த்தாக்களுள் ஒருவர். உறுப்பினர் ஒருவருக்கு ஆண்டுச் சந்தா 60 ரூபாய், அதாவது மாதம் 5 ரூபாய். அதனுடன் அரசாங்கம் 30 ரூபாய் சேர்த்தது. முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ 16 லட்சம் பேர் சேர்ந்தனர். வீடு வீடாகச் சென்று சந்தா வசூலிக்கத் தனி ஏஜெண்டுகள் தேவைப்படவில்லை. கிராமங்களில் முன்னரே வேரூன்றியிருந்த கூட்டுறவுச் சங்கங்களின் மூலமாகவே சந்தா திரட்டப்பட்டது. செலவு குறைந்ததன் இரகசியம் அதில்தான் இருக்கிறது.

இத்திட்டம் இரண்டு பாடங்களையும் புகட்டியது. தொடக்கத்தில் அது அறுவைச் சிகிச்சைக்கே பொறுப்பேற்றது. காய்ச்சலுக்காகப் படுத்தவருக்குப் படுக்கைச் செலவை அது தரவில்லை. மலிவான ஏற்பாட்டுக்கு எல்லை உண்டு என்பது முதற்பாடம். பின்னர் சந்தா 60 ரூபாயிலிருந்து 120 ரூபாயாக உயர்ந்தபோது உறுப்பினர் தொகை குறைந்தது. நகரத்தில் ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் தொகைதானே என்று நமக்குத் தோன்றலாம். கிராமத்துக் குடும்பத்தில் ஐந்தாறு பேருக்குச் சேர்த்து ஒரே நேரத்தில் கட்ட வேண்டுமாயின் அது பெருந்தொகையே. மலிவு என்பது விலையை மட்டும் பொறுத்ததன்று. செலுத்த வேண்டிய வேளையையும் பொறுத்தது. இது இரண்டாவது பாடம்.

2018இல் இத்திட்டம் அரசின் பொதுத் திட்டத்தோடு இணைக்கப்பட்டு மறைந்தது. பின் 2022இல் மீண்டும் அறிவிக்கப்பட்டு, 2023 ஜனவரி முதல் சிகிச்சை அளிக்கத் தொடங்கியது. அப்போது வகுக்கப்பட்டபடி, கிராமப்புறத்தில் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு ஆண்டுச் சந்தா 500 ரூபாய்; நகர்ப்புறக் கூட்டுறவுச் சங்க உறுப்பினருக்கு 1,000 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. வீட்டில் ஒரு பசு இருந்து, தந்தையோ தாயோ பால் உற்பத்தியாளர் சங்கத்தில் உறுப்பினராக இருந்தாலே இந்த வாசல் திறக்கக்கூடும். எனவே இளைஞர் வெளியே சென்று பாலிசி தேடுமுன், வீட்டில் சங்க உறுப்பினர் எவரேனும் உண்டா என்று கேட்டல் வேண்டும். உண்டாயின், யசஸ்வினி விண்ணப்பத்தில் தம் பெயரும் எழுதப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். ஆண்டுதோறும் குறிப்பிட்ட காலத்தில் மட்டுமே பெயர் சேர்க்கிறார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க நேரும்.

இதிலிருந்து நாம் சொல்ல விரும்பும் முதன்மையான கருத்து விளங்கும். மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு மூன்று வாசல்கள் உண்டு. முதலாவது குடும்பத்தின் வாசல். இரண்டாவது வேலையின் வாசல். மூன்றாவது சந்தையின் வாசல். முதலிரண்டும் உரிமையால் திறப்பவை. அவற்றில் செலவு மிகக் குறைவு. மூன்றாவது பணத்தால் திறப்பது. நம் இளைஞர்களுள் பலர் விளம்பரத்தைப் பார்த்து நேரே மூன்றாவது வாசலுக்குச் சென்று, விலையைக் கேட்டு மலைத்து, ஒன்றுமே எடுக்காமல் திரும்பிவிடுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்வதே அறிவுடைமை.

குடும்பத்தின் வாசலில் இன்னும் ஒன்று காண வேண்டும். 2018இல் ஏற்பட்ட ஆயுஷ்மான் பாரத் – ஆரோக்கிய கர்நாடகா திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கான ரேஷன் கார்டு உடைய குடும்பத்துக்கு ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. அந்தக் கார்டு இல்லாதோருக்கும் நிர்ணயித்த செலவில் நூற்றுக்கு முப்பது பங்கை, ஆண்டில் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை, அரசு ஏற்கும் என்று வகுக்கப்பட்டது. இவ்வளவு வயது வரைதான், இத்தனை பேர்தான் என்ற வரம்பை ஆயுஷ்மான் பாரத் திட்டம் வைக்கவில்லை. ஆகவே பிள்ளைக்கு இருபத்தைந்து வயது ஆகிவிட்டதே என்று அஞ்ச வேண்டியதில்லை. அவர் பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதா என்பதே வினா. வேலைக்கென்று பெங்களூர் சென்ற பிள்ளையின் பெயரை அவசரப்பட்டு நீக்கிவிடும் குடும்பங்கள் உண்டு. அவ்வாறு செய்யுமுன் இதையும் எண்ணிப் பார்த்தல் நலம்.

ஆனால் நடைமுறையை அறிந்துகொள்ளுதல் அவசியம். அவசர நிலை ஒழிய, பெரிய சிகிச்சைக்கு நேரே தனியார் மருத்துவமனைக்குச் சென்றால் இத்திட்டத்தின் பயன் கிடைக்காது. முதலில் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அங்கு அச்சிகிச்சைக்கு வசதி இல்லையெனில் அவர்கள் எழுதிக் கொடுக்கும் பரிந்துரையின் பேரில் பட்டியலிலுள்ள வேறு மருத்துவமனைக்குச் செல்லலாம். ஸ்ரீரங்கப்பட்டணத்தாருக்குத் தாலுகா மருத்துவமனையும், அதற்கப்பால் மண்டியா, மைசூர் நகரங்களிலுள்ள பெரிய அரசு மருத்துவமனைகளும் உள்ளன. அடையாள அட்டை பெறுவதற்குக் கிராம ஒன் மையங்களை அணுகலாம். விண்ணப்பம் கன்னடத்தில் இருப்பது சிலருக்குத் தயக்கம் தரலாம். இங்கேயே கன்னடத்தில் படித்து வளர்ந்த பிள்ளை, அதே தெருவிலுள்ள மூத்தவர்களுக்கும் எழுதிக் கொடுத்தால் அது நல்ல தொண்டாகும்.

தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைபெற்று வருகிறது. அதற்கு முன்னோடி 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டம். ஆனால் அதற்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும் அங்குள்ள வருமானச் சான்றும் வேண்டும். ஒரு குடும்பம் இரு மாநிலங்களிலும் கார்டு வைத்திருத்தல் முறையன்று. வேலை எங்கே, வீடு எங்கே, நோய் வந்தால் படுக்கப்போவது எங்கே என்று எண்ணி, ஏதேனும் ஒரு மாநிலத்தைத் தேர்ந்துகொள்ளுதல் வேண்டும். பாட்டனார் ஊரின் மீதுள்ள பற்று மனத்தில் இருக்கட்டும்; கார்டு மட்டும் நாம் வாழும் ஊரில் இருப்பதே பயன் தரும்.

இனி வேலையின் வாசல். தொழிலாளர் அரசு இன்ஷூரன்ஸ் திட்டத்தை ஈ.எஸ்.ஐ. என்று நாம் சுருக்கமாகச் சொல்கிறோம். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்து, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டில்லியிலும் இது தொடங்கப்பட்டது. 2017இல் வகுத்தபடி மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஊழியர் இதில் சேர்வர். 2019 ஜூலையில் சந்தா குறைக்கப்பட்டது. அதன்படி ஊழியர் செலுத்துவது சம்பளத்தில் நூற்றுக்கு முக்கால் பங்கு; முதலாளி செலுத்துவது மூன்றேகால் பங்கு. கணக்கிட்டுப் பார்ப்போம். மைசூர்த் தொழிற்பேட்டையில் 16,000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்த இளைஞருக்கு மாதம் பிடிப்பது 120 ரூபாய்; முதலாளி கட்டுவது 520 ரூபாய். இதற்கு ஈடாக அவருக்கும், அவரை நம்பியிருக்கும் குடும்பத்தினருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. அதுமட்டுமன்று. உரிய அளவு சந்தா செலுத்தியவர் நோயினால் வேலைக்குப் போக முடியாதிருந்தால், ஆண்டில் 91 நாள் வரை சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்கும் பெறலாம். சந்தையில் விற்கும் சாதாரண மருத்துவப் பாலிசி இவ்வுதவியைத் தருவதில்லை.

“சம்பளத்தில் பிடிக்கிறார்களே” என்று மனம் வருந்துவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். மாறாக, பிடிக்காமல் இருந்தால்தான் கேட்க வேண்டும். வேலையில் சேரும் நாளிலேயே இன்ஷூரன்ஸ் எண் கொடுத்தார்களா என்று அறிதல் வேண்டும். 1961ஆம் ஆண்டு அப்ரெண்டிஸ் சட்டத்தின்படி பயிற்சியாளராகச் சேர்ந்தோர் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் அடங்கார். அந்தப் பயிற்சி ஓராண்டு நீடித்தால் அந்த ஓராண்டும் இளைஞர் காவலற்றிருக்கிறார் என்று பொருள். அத்தகையோர் குடும்பத்தின் வாசலை விடாது பற்றிக்கொள்ள வேண்டும்.

கம்ப்யூட்டர் நிறுவனங்கள் போன்ற பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவருக்கும் சேர்த்துக் குழு இன்ஷூரன்ஸ் எடுக்கின்றன. இது நல்ல வசதியே. ஆனால் நிழல் தரும் மரம் நமதன்று. வேலையை விட்டு விலகும் நாளோடு அந்தக் காப்பும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. எனினும் விதி ஒரு சலுகை தருகிறது. குழுவிலிருந்து விலகுவோர் அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியில் தனிப் பாலிசிக்கு மாறலாம். குழுவில் கழித்த ஆண்டுகள், பின்னர் நாம் சொல்லப்போகும் காத்திருப்புக் காலத்தில் கழிக்கப்படும். விலகுமுன்னரே இதற்கு எழுதிக் கேட்க வேண்டும். விலகிச் சில மாதம் கழித்துக் கேட்பதில் பயனில்லை.

முதலிரு வாசல்களும் மூடியிருப்போர்க்கே சந்தையின் வாசல். அங்கும் முதலில் பெற்றோரின் பாலிசியைப் பார்க்க வேண்டும். குடும்பப் பாலிசிகள் பெரும்பாலும் பெற்றோரைச் சார்ந்திருக்கும் பிள்ளையை 25 வயது வரை ஏற்றுக்கொள்கின்றன. அது இல்லையெனில் தனிப் பாலிசி. வெவ்வேறு கம்பெனிகளின் வாசகங்களை ஒப்பிட்டுக் குழம்புவோருக்காக, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2020 ஏப்ரல் முதல் ஆரோக்கிய சஞ்சீவனி என்னும் பொது பாலிசியைக் கொண்டுவந்தது. எக்கம்பெனியில் வாங்கினாலும் நிபந்தனைகள் ஒன்றே, விலைதான் வேறுபடும். ஆகவே விலையை மட்டும் ஒப்பிட்டு வாங்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவப் பாலிசிகளின் மீதிருந்த நூற்றுக்குப் பதினெட்டு வீத ஜி.எஸ்.டி. வரியும் நீக்கப்பட்டது. இது நடுத்தரக் குடும்பத்துக்கு நற்செய்தி.

இந்தப் பாலிசியை ஒரு கணக்கால் விளக்குவோம். மருத்துவமனைச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கை நோயாளியே ஏற்க வேண்டும். 80,000 ரூபாய் செலவானால் 4,000 ரூபாய் நம்முடையது. அறை வாடகைக்கும் எல்லை உண்டு. நாளொன்றுக்குப் பாலிசித் தொகையில் நூற்றுக்கு இரண்டு பங்கு. அதிலும் 5,000 ரூபாய்க்கு மேற்படாது. ஒரு லட்சத்துக்குப் பாலிசி எடுத்தவருக்கு நாள் வாடகை 2,000 ரூபாய் வரைதான். அவர் 4,000 ரூபாய் அறையில் படுத்தால், மிகுதி வாடகையை மட்டும் கொடுத்துத் தப்பிவிட முடியாது. அறையைச் சார்ந்த மருத்துவச் செலவுகளும் அதே விகிதத்தில், அதாவது பாதியாகக் குறைக்கப்படும். பாலிசி ஏமாற்றிவிட்டது என்று பின்னர் புலம்புவோரில் பலர் இந்த ஒரு நிபந்தனையைப் படிக்காதவர்களே. மருத்துவமனையில் சேரும்போது அறையைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் நோயாளி அல்லர். பதைபதைப்போடு உடன் வந்த தந்தை. ஆதலால் இதைத் தந்தையும் அறிந்திருக்க வேண்டும்.

அடுத்தது காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்த முதல் 30 நாளில் விபத்துக்கு அல்லாமல் வேறு நோய்க்குப் பணம் கிடைக்காது. குடலிறக்கம் போன்ற சில குறிப்பிட்ட நோய்களுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே உடலில் உள்ள நோய்க்குக் காத்திருப்பு 36 மாதத்துக்கு மேற்படலாகாது என்று 2024இல் ஆணையம் விதித்தது. இந்த நிபந்தனைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். உடல்நலத்தோடு இருக்கும் இருபத்தொரு வயதில் பாலிசி எடுப்பவருக்கு இக்காத்திருப்பெல்லாம் நலமாக இருக்கும்போதே கழிந்துவிடுகிறது. நாற்பதில் சர்க்கரை நோய் வந்தபின் எடுப்பவர் நோயோடு காத்திருக்கிறார். இளமையில் எடுப்பதன் உண்மையான இலாபம், பிரீமியம் குறைவு என்பதைக் காட்டிலும் இதுவே.

விண்ணப்பத்தில் மறைத்து எழுதுதல் பெருந்தவறு. சிறு வயது முதல் ஆஸ்துமா இருந்தால் அதை எழுத வேண்டும். ஏஜெண்டு “அதெல்லாம் வேண்டாம்” என்றாலும் எழுத வேண்டும். பாலிசி தொடர்ந்து 60 மாதம் நடந்தபின், மோசடியைத் தவிர வேறு காரணம் காட்டிக் கம்பெனி பணம் தர மறுக்க இயலாது என்பது இன்றைய விதி. பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் படித்துப் பார்த்துப் பிடிக்கவில்லையெனில் திருப்பிக் கொடுத்துவிடலாம். கம்பெனியோடு வழக்கு நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் என்னும் நடுவரிடம் கட்டணமின்றி முறையிடலாம். பெங்களூரிலும் சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு.

ஒரு மயக்கத்தையும் இங்கே நீக்கிவிடுவோம். பாங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொண்டு தரும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா, விபத்தினால் மரணமோ ஊனமோ நேர்ந்தால் உதவுவது. 2 லட்சம் ரூபாய்க் காப்பு இத்தனை மலிவாகக் கிடைப்பதால் அதை எடுத்துக்கொள்வது நல்லதே. ஆனால் அது மருத்துவமனைச் செலவைக் கொடுக்காது. அந்த 20 ரூபாயை எண்ணி, நமக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் இருக்கிறது என்று நம்பியிருத்தல் கூடாது.

முடிவாக நாம் வேண்டிக்கொள்வது இது. பட்டமளிப்புக்குரிய சான்றுகளை ஒழுங்குபடுத்தும் அதே வாரத்தில், பெற்றோரும் பிள்ளையும் ஒருங்கே அமர்ந்து நான்கு காரியங்களைப் பார்க்கட்டும்: ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா, கூட்டுறவுச் சங்கத்தில் வீட்டார் எவரேனும் உறுப்பினரா, சேரப்போகும் வேலையில் ஈ.எஸ்.ஐ. அல்லது குழு இன்ஷூரன்ஸ் எந்த நாளிலிருந்து தொடங்கும். இவை எதுவும் இல்லையெனில் மாதம் எவ்வளவு ஒதுக்கித் தனிப் பாலிசி எடுக்க இயலும். இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். பெற்ற அட்டைகளின் எண்களை ஒரு தாளில் எழுதி, ஒன்றை வீட்டிலும் ஒன்றைப் பிள்ளையின் பையிலும் வைக்கட்டும். வாழ வந்த ஊரில் இந்த ஏற்பாடே நமக்கு அண்ணன் தம்பியாக நின்று உதவும்.